கூரையருகே ஒரு வடிகால்

(ஆம்பூரில் ஆதரவாளர் கூட்டத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"எனக்கு சைனஸ் இருக்கிறது டாக்டர்" என்று சொல்லாத நாளே இல்லை. எனக்கும் இருக்கிறது, உங்கள் எல்லாருக்கும் இருக்கிறது! அது வியாதியின் பெயரல்ல. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் அமைந்த காற்றறைகளின் பெயர். நான்கு ஜோடி. கன்னத்துக்குள் இருப்பதே பெரியது.

தண்ணீர்த் தொட்டிக்கு எந்தக் கொத்தனாரும் வடிகுழாயை அடியில்தான் வைப்பார். கன்னத்து அறைக்கோ வாசல் மேலே, கூரையருகே இருக்கிறது. உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளி அந்த வாசலுக்குக் கொண்டுபோகின்றன. வாசலுக்கு வெளியே ஒரு குறுகிய சந்து. நெற்றி அறையும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள முன்னறைகளும் அந்தப் பக்கமே வடிகின்றன. ஆகவே அங்கே சிறு வீக்கம் வந்தாலும் மூன்று வீட்டுச் சாக்கடையும் ஒன்றாக அடைபடும்.

முற்காலத்தில் மேலுதட்டுக்கு உள்ளே கீறி, எலும்பைத் துளைத்து, அறையின் உட்தோலைச் சுரண்டி, தாழ்வான இடத்தில் புதிய துவாரம் வைத்தார்கள். 1890களில் வந்த முறை அது. பலருக்குச் சளி திரும்ப வந்தது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து மெஸ்ஸர்க்ளிங்கர் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டார்: கீழே துவாரம் இருந்தாலும் சளி அதைச் சுற்றிக் கடந்து பழைய வாசலுக்கே ஏறுகிறது! அவருடைய புத்தகம் 1978ல் ஆங்கிலத்தில் வந்தது. 1980களில் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் கென்னடியும் இந்த முறையை உலகெங்கும் பரப்பினார்கள். இப்போது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை மூக்குக்குள் விட்டு, அடைபட்ட சந்தைத் திறந்து, இயற்கையான வாசலையே அகலப்படுத்துகிறோம். முகத்தில் தழும்பு இல்லை.

ஆனால் கண்ணுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள எலும்பு காகிதம் போன்றது, மேலே மூளை. ஆளுக்கு ஆள் அமைப்பும் மாறும். அதனால்தான் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் கேட்கிறோம். ஏழை நோயாளிக்கு அந்தச் செலவை நீங்கள் தாங்கும்போது, ஒருவருடைய கண்ணைக் காக்கிறீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு வார்த்தை. 1970ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் ஷூ தொழிலாளரிடையே நாசிப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் எழுதினார்கள். தோல் தூசி அதற்குக் காரணமாகும் என்பது பிற்பாடு உறுதியாயிற்று. அபூர்வமான வியாதிதான், பயப்பட வேண்டாம். ஆனாலும் உங்கள் சபையில் ஷூ கம்பெனிக்குப் போகிற தாய்மாருக்கும் வாலிபருக்கும் சொல்லுங்கள்: ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, "சைனஸ்தானே" என்று தைலம் தடவிக்கொண்டிராமல் வந்து காட்டட்டும். எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லட்டும்.