தன்னோடு சேராத பேரிமரம்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மார்ச் மாதம் காரில் போகிறவர்கள் கண்ணில் ஒரு காட்சி தப்பாமல் படும். மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும்போதே சாலையோரத் தரிசெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். தூரத்தில் அழகுதான், கிட்டே போனால் மீன் அழுகிய வாடை. காலரி பேரி என்கிற அந்த மரங்களை அங்கே யாரும் நடவில்லை.

இதன் சொந்த ஊர் சீனாவும் வியட்நாமும். அமெரிக்கப் பேரிக்காய்த் தோட்டங்களை ஒரு பாக்டீரியா கருகல் நோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த நோயைத் தாங்கும் வேர்ச்செடி இது என்று விதை தருவித்தார்கள். அரசு வேளாண் துறைக்காகச் சீனாவில் அலைந்து விதை திரட்டியவர் பிராங்க் மேயர். 1918-ல் யாங்சி ஆற்றில் மூழ்கி இறந்தார். பிறகு மேரிலாந்தின் ஆராய்ச்சிப் பண்ணையில் முள்ளில்லாமல், வடிவாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, அலங்கார மரமாகலாம் என்று தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் 1963-ல் வெளிவந்த ‘பிராட்ஃபோர்டு’. எந்த மண்ணிலும் வளரும், விலையும் மலிவு. புதுக்குடியிருப்புகளின் வாசலெல்லாம் அதுவே.

காய்த்துப் பரவாதா? பரவாது என்றே நம்பினார்கள். காரணம் இருந்தது. பேரியின் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருந்தாலும், தன் மகரந்தம் தனக்கு ஆகாது. சூல்முடியில் விழுந்த துகள் குழாய் விட்டுக் கீழே இறங்கும். ‘இது நம்முடையதே’ என்று கண்டுகொண்டு சூல்தண்டு பாதி வழியில் மறித்துவிடும். நம் பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்றுகள் மாதிரி, ஊரெங்கும் உள்ள பிராட்ஃபோர்டு எல்லாம் ஒரே தாய்மரத்தின் ஒட்டுகள்தான். ஆயிரம் மரம் நின்றாலும் மரபணுக் கணக்கில் ஒரு மரம். அதனால் விதை பிடிக்கவில்லை.

ஆனால் பிராட்ஃபோர்டுக்கு ஒரு குறை: கிளைகள் குறுகிய கவட்டில் நெருக்கமாகப் பிரிவதால் புயலில் இரண்டாகப் பிளந்துவிடும். உறுதியான மரம் வேண்டுமென்று நர்சரிகள் அரிஸ்டோகிராட், ரெட்ஸ்பயர், சாண்டிக்ளியர் என்று வேறு ரகங்களைக் கொண்டுவந்தன. இந்த வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டில் இன்னொன்று. நடுவில் பூச்சிகள். தடை அன்றே உடைந்தது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர்த்துப் பூத்தாலும் போதும், ஒரே மரத்திலேயே ஜோடி கிடைத்துவிடும். ஒரு ரகத்தைச் சோதித்துவிட்டு இனத்தையே சோதித்ததாக எண்ணியதுதான் பிசகு. மரத்தைச் சொல்லிக் குற்றமில்லை.

சுமார் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள காய்கள் கல்லாகத் தொங்கும். உறைபனி பட்டதும் மெத்தென்றாகும். அந்தக் குளிரில் வேறு தீனி குறைவு. நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகள் விழுங்கிப் பறந்து, வேலியோரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் விதைகளை எச்சமிடும். (அந்தப் பறவையும் ஐரோப்பாவிலிருந்து போன வெளியூர்க்காரன்தான்.) விதையில் முளைத்தவை ஒவ்வொன்றும் மரபில் வேறு, எனவே அவை பெரும்பாலும் தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். மூதாதையின் முள்ளும் திரும்பி வந்துவிட்டது, டிராக்டர் டயரைக் கிழிக்கும் முள். மூன்றே ஆண்டில் பூக்கத் தொடங்கும் கன்றுகளும் உண்டு. வெட்டினால் அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கும். வெட்டிய கையோடு மருந்து தடவினால்தான் அடங்கும்.

ஒஹாயோ 2023-லும், பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் 2024-லும் இதன் விற்பனையைத் தடை செய்தன. வாசலில் ஏற்கெனவே நிற்பதை வெட்டியாக வேண்டும் என்று ஒஹாயோ சட்டம் சொல்லவில்லை. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகமோ வேறு வழி பிடித்தது: வீட்டுப் பேரியை வெட்டியதற்குச் சான்று காட்டுகிறவர்களுக்கு, அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றை இலவசமாகக் கொடுக்கிறது.