மலைநாட்டுக் காமன் விழா



கலை விழா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? வாழைமரம் கட்டிய மண்டபம், அச்சிட்ட அழைப்பிதழ், தலைமையுரை, பரிசளிப்பு, நன்றியுரை. இவை யாவும் வேண்டியனவே. எனினும், அழைப்பிதழும் நுழைவுச்சீட்டும் இன்றி, மேடையும் தலைவரும் இன்றி, கவிதையும் நாடகமும் இசையும் ஒருங்கு கூட இரவிரவாக நிகழும் விழா ஒன்று எங்கள் மலைநாட்டில் உண்டு. மாசி மாதத்தில் மஸ்கெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும், அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தோட்டங்கள் பலவற்றிலும் நடைபெற்று வரும் காமன் கூத்தே அது. அதனைப் பற்றிச் சில எண்ணங்களை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கூத்தின் கதை நீங்கள் அறிந்ததே. சூரபன்மனின் கொடுமைக்கு ஆற்றாத தேவர்கள், சிவபெருமானுக்கு ஒரு புதல்வன் தோன்றினாலன்றித் தம் துயர் தீராது எனக் கண்டனர். பெருமானோ யோகத்தில் அமர்ந்திருந்தார். அந்த மோனத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவினர். கரும்பு வில்லில் மலர்க்கணை தொடுத்தவன் நெற்றிக்கண் நெருப்பில் சாம்பரானான். ரதி அழுதாள், இரந்து நின்றாள். பெருமான் மனமிரங்கி அவனை எழுப்பினார். ஆயினும், ரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் உருவுடன் தோன்றுவான். ஏனையோர்க்கு உருவிலியாகவே இருப்பான். கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய காமதகனப் படலத்தைக் கற்றோர் ஏட்டிலே காண்பர். எங்கள் தோட்டத்து மக்கள் அதனைப் பனியிலும் தீவட்டி வெளிச்சத்திலும் கண்விழித்துக் காண்பர்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் வேளையில் காமன் ஊன்றப்படும். அதற்கென ஒதுக்கப்பட்ட வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அன்று தொடங்கிப் பௌர்ணமியை நோக்கி நாட்கள் செல்லச் செல்லக் கதையும் வளரும். ரதியும் மன்மதனும் ஆடிப்பாடிக்கொண்டு லயம் லயமாகச் செல்வர்; வாயில்தோறும் மக்கள் அவர்களை வரவேற்பர். ரதியாக ஆடுபவரும் ஆடவரே. தகன இரவில் தக்கன், வீரபத்திரன், இயமன், தூதன், குறவன், குறத்தி, கோமாளி எனப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். விடியும் முன் காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் அவன் எழுப்பப்பட்ட பின்னரே விழா நிறைவுபெறும்.

இக்கூத்தின் உயிர்நிலை எது என்று என்னைக் கேட்டால், மன்மதன் எரியும் காட்சியன்று என்பேன். எரிவதற்கு முன் ரதிக்கும் மன்மதனுக்கும் நிகழும் வாதமே அது. போகாதே என்று அவள் தடுக்கிறாள். தீய கனவு கண்டதைச் சொல்கிறாள். சிவனை எதிர்த்து மீண்டவர் யார் என்று கேட்கிறாள். கடமை என்றும் கட்டளை என்றும் அவன் விடை பகர்கிறான். பாட்டுக்குப் பாட்டாக இவ்வாதம் நீளும்போது, பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண் இமையாது கேட்டிருப்பதைப் பார்த்திருக்கின்றேன்.

அவர்கள் அவ்வாறு கேட்பதற்குக் காரணம் உண்டு. 1820களில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்காகவும், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். போகாதே என்று தடுத்த தாயும், போயே ஆகவேண்டும் என்று புறப்பட்ட மகனும் எங்கள் குடும்பக் கதைகளில் உண்டு. மேலிடத்துக் கட்டளைக்குச் சென்று மீளாதவனின் துயரை அவர்களுக்கு எவரும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

இனி, இசையைப் பற்றிச் சொல்வேன். காமன் கூத்தின் தலையாய கருவி தப்பு. மரச்சட்டத்தில் தோல் போர்த்து, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றி அடிக்கப்படுவது. ரதிக்கு ஓர் அடி, வீரபத்திரனுக்கு ஓர் அடி, இயமனுக்கு வேறோர் அடி என்று வகைகள் உண்டு. களத்திற்கு வருபவர் யார் என்பதை, தேர்ந்த செவியுடையார் கண்ணை மூடிக்கொண்டே கூறுவர். முற்காலத்தில் வைகறையில் மக்களைப் பெரட்டுக்கு எழுப்பியதும் இதே தப்புத்தான். துரையின் கட்டளையை அறிவித்த கருவியே மாசியில் மக்களின் மகிழ்ச்சியையும் அறிவித்தது. ஆண்டு முழுவதும் வேலைக்கு அழைத்த ஓசை, அந்தச் சில நாட்களில் அவர்களுக்கே உரியதாயிற்று.

இத்தகைய கலைக்கு நேர்ந்த இடையூறுகள் பல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறினர். பாடலை அறிந்தவர் அக்கரையிலும் அடியை அறிந்தவர் இக்கரையிலுமாகப் பிரிந்தனர். எங்கள் மஸ்கெலியாவுக்கோ மற்றோர் இழப்பும் நேர்ந்தது. மின்னுற்பத்திக்காக மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவுற்றபோது, பழைய நகரமே நீரில் மூழ்கியது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் நீரின் அடியில் மறைய, புதிய நகரம் மேட்டில் எழுந்தது. இவ்வளவுக்குப் பின்னரும் காமன் ஊன்றப்பட்டான். ஆகவே, இக்கலையை அழிக்கவல்லது வறுமையோ வெள்ளமோ அன்று என்பது தெளிவு. அதனை அழிக்கவல்லது வேறொன்று. அதைச் சொல்வதற்கு என் பிழை ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், பட்டதாரி ஆசிரியனாகத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பணியேற்ற புதிது. கலைப் போட்டி ஒன்றுக்குக் காமன் கூத்தைப் பயிற்றும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கிடைத்த நேரமோ பதினைந்து நிமிடம். ரதியின் வாதத்தைப் பெரிதும் வெட்டினேன். காமன் எரியும் கட்டம் கண்ணுக்கு விருந்தாகும் என்று அதனோடு முடித்தேன். தப்படிக்கும் பெரியவர்களை மேடையேற்றினால் நன்றாயிராது என்று சிலர் முணுமுணுத்தனர். அதன் உட்பொருள் சாதி என்பதை அறிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய வாசிப்பை ஒலிநாடாவில் பதிந்து, ஆளை விட்டு ஓசையை மட்டும் கொண்டுசென்றேன். முதற்பரிசு கிடைத்தது.

மறுநாள், தப்படிக்கும் முதியவர் ஒருவர் பாடசாலை வாயிலில் எனக்காகக் காத்திருந்தார். ரதியாக ஆடிய மாணவன் அவருடைய பேரன். தம்மை ஏன் அழைக்கவில்லை என்று அவர் கேட்பார் என்றே எண்ணினேன். அவர் கேட்டது அதுவன்று. “மாஸ்டர், காமனை எரிச்சிட்டு எழுப்பாமலே வந்துட்டீங்களே” என்றார். அவ்வளவுதான். தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு மலைப்பாதையில் நடந்துவிட்டார். பரிசுக் கிண்ணம் என் மேசைமேல் இருந்தது. அன்று அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நேயர்களே, கூத்தைச் சுருக்கியது என் முதற்பிழை, அது சிறிது. கூத்தை அதன் மக்களிடமிருந்து பிரித்ததே பெரும்பிழை. ஓசை வேண்டும், ஓசை எழுப்பும் கை வேண்டாம் என்று நாம் கருதத் தொடங்கினால், அந்தக் கையின் பிள்ளை அக்கருவியைத் தொட நாணுவான். அவ்வாறு நாணிய பிள்ளைகளை என் வகுப்பறைகளில் கண்டிருக்கின்றேன். தந்தை தப்படிப்பவர் என்பதைத் தோழரிடம் மறைத்தவர் அவர். இசை அறிந்த குடும்பத்தில் பிறந்தவன் தலை குனிந்திருப்பான் எனின், அவனுக்கு நாம் கற்பித்த கல்வி எத்தகையது?

மறுதரப்பின் வாதமும் என் செவியில் விழாமல் இல்லை. இராக்கண் விழித்தால் பிள்ளைகளின் பரீட்சை என்னாவது என்பர் பெற்றோர். பாத்திரங்களையும் பணிகளையும் சாதி பார்த்துப் பங்கிட்ட பழக்கத்தையும் சேர்த்தா காப்பது என்பர் இளைஞர். கொழும்புக்கு வேலைக்குச் சென்றவர் மாசிக்குத் திரும்ப விடுப்பு கிடைக்குமா என்பதும் நியாயமான கேள்வியே. இவற்றுக்கு என் விடை இது: வகுத்த பிரிவை விடுவோம், வளர்த்த கலையைக் கொள்வோம். தப்பை எவர் பிள்ளையும் கற்கலாம், எவர் பிள்ளையும் கற்பிக்கலாம் என்றாகுமாயின் குறை கழியும், கலை நிற்கும். பாடசாலை ஒன்றுதான் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரும் இடம். இதனை அங்கே தொடங்காமல் வேறெங்கே தொடங்குவது?

அதிபராகப் பொறுப்பேற்ற பின் என்னால் இயன்ற சிறு தொண்டு ஒன்றைச் செய்து வருகின்றேன். மாசி பிறந்ததும் சூழவுள்ள தோட்டங்களின் கூத்து வாத்தியார்களையும் தப்பிசைஞர்களையும் பாடசாலைக்கு அழைக்கிறோம். அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி இடுகிறோம். மாணவர்கள் அவர்கள் வாய்ப் பாட்டைக் கேட்டு எழுதுகிறார்கள். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டி, 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாகத் தந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் காட்டிய வழி அது. ஆயினும் எழுத்தில் பாட்டுத்தான் நிற்கும். அடியும் ஆட்டமும் நில்லா. ஆகையால் எரியும் இரவிலும் எழுப்பும் நாளிலும் மாணவர்களைப் பெற்றோருடன் பொட்டலுக்கே அனுப்புகிறோம்.

உங்கள் தோட்டத்திலோ ஊரிலோ காமன் பாட்டு எழுதிய பழைய கொப்பி ஒன்று பெட்டிக்குள் கிடக்குமாயின், அதனை இவ்வாண்டே வெளியே எடுத்துப் படியெடுங்கள். பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவரருகே ஒரு பிள்ளையை அமர்த்துங்கள். கொப்பி அடுத்த மாசிவரை காத்திருக்கலாம். முதியவர் காத்திருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

கோடை முதிர்ந்து மவுசாக்கலையின் நீர் வற்றும் ஆண்டுகளில், மூழ்கிய பழைய கோயில் வெளியே தெரிவதுண்டு. முதியவர்கள் கரையில் நின்று, இங்கேதான் கடை, இதுதான் பாதை என்று சுட்டுவர். இளையோர்க்குத் தெரிவது வெறுங் கல்லும் சேறுமே. உயிர்த்தெழுந்த மன்மதனும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தான் அல்லவா? மலைநாட்டுக் கலையும் இன்று அந்த நிலையிலே இருக்கின்றது. அது மாளவில்லை. அதனைக் காணும் கண்கள் குறைந்து வருகின்றன. அந்தக் கண்ணை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதே ஆசிரியராகிய எமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் உரிய கடன்.

அந்த முதியவர் இன்று இல்லை. அவர் வாயிலில் நின்று சொன்ன சொல் மட்டும் ஒவ்வொரு மாசியிலும் என்னைத் தேடி வருகின்றது. எங்கள் பாடசாலைக் கூத்தில் இப்போது காமன் எரிவதோடு திரை விழுவதில்லை. அவன் எழுந்த பின்னரே தப்பு ஓய்கின்றது.