பேட்டரி கரண்டில் வெல்டிங் ஓடுமா?

(கூட்டமைப்பின் தொழிற்பயிற்சி நாளில் வெல்டிங் பயிற்றுநர் பேசியது)



போன பயிற்சிக்கு மலைப்பகுதியிலிருந்து ஒரு குழு வந்திருந்தாங்க. "எங்க குடியிருப்புக்கு இன்னும் லைன் வரல அக்கா. சோலார் பலகை, பேட்டரி, இன்வெர்ட்டர் வாங்கிட்டா கேட், ஜன்னல் கிரில் எல்லாம் பத்தவைக்க முடியுமா?" என்று கேட்டாங்க. வங்கிக் கடனுக்குத் தீர்மானமும் எழுதியாச்சாம். கடன் குழுவின் பேரில் வருது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாசத் தவணை கட்டியே ஆகணும். அதனால் அவங்களுக்குச் சொன்ன பதிலை இன்னிக்கு உங்க எல்லோருக்கும் சொல்றேன். ஓடும். ஆனால் கணக்குப் பார்த்து வாங்கினால்தான் ஓடும்.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். கடையில் "இது இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின்மா" என்பார்கள். அப்படின்னா வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்னு அர்த்தம் இல்லை. மிஷினுக்குள்ளே கரண்டை மாற்றுகிற முறைக்கு வைத்த பெயர் அது. பேட்டரி கரண்டை 230 வோல்ட்டாக மாற்றித் தருகிற பெட்டி வேறு. ஃபேனும் லைட்டும் ஓடுகிற 850 விஏ பெட்டியில் இந்த மிஷினை மாட்டி ராடைத் தொட்டால் அந்த நொடியே ட்ரிப் ஆகிவிடும்.

ஏன் அப்படி? பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கு, ஆனால் குழாய் அரை இஞ்சு. தோட்டத்துக்குப் பாயுமா? வெல்டிங் ஒரு நாளைக்குச் சாப்பிடுகிற மொத்தக் கரண்ட் அப்படி ஒன்றும் அதிகமில்லை. ஆனால் ஒரே மூச்சில் இழுக்கும். தொட்டி பேட்டரின்னா, குழாய்தான் இன்வெர்ட்டர்.

2.5 மி.மீ. ராடு எடுத்துக்குவோம். 80 ஆம்பியரில் ஓட்டும்போது தீப்பொறியில் ஏறக்குறைய 23 வோல்ட் இருக்கும். பெருக்கினால் 1,850 வாட். மிஷின் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் 2,200 வாட். மிஷின் கரண்டைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுப்பதால் இன்வெர்ட்டர் தாங்க வேண்டியது 3 கேவிஏவுக்கு மேலே போயிடும். ராடு ஒட்டிக்கொண்டால் இன்னும் ஏறும். அதனாலதான் 5 கேவிஏ, அதுவும் சைன் வேவ் என்று சொல்றேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற 'பீக்' கணக்கைப் பார்க்காதீங்க. தொடர்ந்து எத்தனை வாட் தரும்னு கேளுங்க.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷின் செகண்ட் ஹேண்டில் மலிவா வரும். ஆசைப்பட வேண்டாம். அது இதே 80 ஆம்பியருக்கு 6 கேவிஏவுக்கு மேல் இழுக்கும். பல மிஷின்களுக்கு ரெண்டு பேஸ் வேற வேணும்.

பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட்டில் இந்த வேலையைச் செய்தால் பேட்டரி வயரில் 200 ஆம்பியர் ஓடணும். நாலு பேட்டரியைத் தொடராக மாட்டி 48 வோல்ட் ஆக்கினால் 50 ஆம்பியர் போதும். ஒரு ராடு எரிய ஒரு நிமிஷம் என்று வைத்தால், 40 ராடுக்கு 1.6 யூனிட்தான் ஆகும். 150 ஏஎச் பேட்டரி நாலில் இருப்பது 7 யூனிட். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி ஆயுசு குறையும், அதனால் மூன்றரை யூனிட்தான் நம்முடையது. நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பலகை சுமார் 4 யூனிட் தரும். சரியா இருக்கே என்று தோணும். கிரைண்டரை மறந்துடாதீங்க! நாலு இஞ்சு கிரைண்டர் இரண்டு மணி நேரம் ஓடினால், 40 ராடுக்கு ஆன கரண்டை அதுவும் தின்றுவிடும். ஒருத்தர் பத்தவைக்கும்போது இன்னொருத்தர் கிரைண்டரைத் தொடக்கூடாது.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்க. உங்க மிஷினையும் ராடு பாக்கெட்டையும் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. அவங்க பேட்டரி, அவங்க இன்வெர்ட்டரில் மாட்டி, பத்து ராடை விடாமல் ஓட்டிப் பாருங்க. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போயிடலாம். குழுவில் ரெண்டு பேராவது கூடப் போகணும், விலைப்புள்ளி இரண்டு கடையில் வாங்கணும்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரி காற்றோட்டமான தனி இடத்தில் இருக்கட்டும், பத்தவைக்கிற இடம் தள்ளி இருக்கட்டும். எர்த் போடாமல் ஒரு நாளும் ஓட்டாதீங்க. நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு ராடைத் தொடக்கூடாது. பருத்திச் சேலை, மேலே முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, 10-ஆம் நம்பர் கண்ணாடி.

தோட்டங்களுக்குப் போய் வேலிக் கேட் பத்தவைக்கிற குழுக்களும் இங்கே இருக்கீங்க. "மோட்டார் சர்வீஸ்ல மாட்டிக்கோங்க" என்று தோட்டக்காரரே சொல்லுவார். விவசாய இலவச மின்சாரத்தை வெல்டிங்குக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டப்படி தப்பு. அபராதம் வந்தால் சர்வீஸ் யார் பேரில் இருக்கோ அவருக்கு வரும், நமக்கு அந்த வாடிக்கை போகும்.

இன்னொன்றும் சொல்லணும். மாசத்தில் நாலு நாள்தான் வேலை வரும் என்றால் சோலார் செட்டுக்குக் கடன் வாங்காதீங்க. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுங்க, அந்த வாடகையைக் கூலியில் சேர்த்துக் கேளுங்க. மலைக்குழுவும் இப்போ அப்படித்தான் தொடங்கியிருக்காங்க. ஆறு மாச வேலையை நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்துக் கடனை முடிவு செய்யப் போறாங்க. தீர்மானத்தை அதுவரைக்கும் தள்ளி வச்சாச்சு.

சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே 48 வோல்ட் செட் போட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு ராடு ஓட்டிப் பாருங்க, மீட்டரில் முள் எங்கே போகுதுன்னு கண்ணால பார்த்துக்கலாம்.