பெட்டியடிப் பள்ளிக்கூடம்

(கல்பாத்தியில் நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியில் ஒரு பிள்ளை பத்தாவது தேறியதும் நாம் முதலில் கேட்பது, "எந்தப் பரீட்சைக்கு மனுப் போட்டிருக்கிறான்?" என்பதே. ரயில்வேயில் கோப்பு எழுதிப் பிழைக்கும் நாம் உத்தியோகத்தைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் கடை வைக்கிறேன் என்கிற பிள்ளையை உருப்படாதவன் என்று ஏசுகிறோமே, அது நியாயந்தானா? வியாபாரம் செட்டிமாருக்குப் பிறவியில் வருவது, நமக்கு வராது என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அதைச் சற்று ஆராய்வோம்.

செட்டிநாட்டு நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் முதலிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் வீட்டுச் சிறுவன் இளவயதிலேயே கடைக்கு அனுப்பப்பட்டான். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குக் கற்றான், பின் அடுத்தாளானான், தேறினால் மேலாளானான். செல்வர் வீட்டுப் பிள்ளையும் பிறர் கடையில் இவ்வாறு பழகியதுண்டு. அக்கரைக் கடைக்குப் போகிறவன் மூன்றாண்டுத் தவணைக்குக் குடும்பத்தை ஊரில் விட்டுப் போவான். அத்தவணையின் பாரத்தைச் சுமந்த பெண்டிரைப் பற்றி யாரும் போதிய அளவு எழுதவில்லை என்பது நம் எண்ணம்.

வரும் ஆதாயத்தில் மகமை என்று ஒரு பங்கைத் தருமத்திற்கு எடுத்து வைத்தார்கள். கல்பாத்தி விசுவநாதரின் லிங்கம் காசியிலிருந்து வந்ததென்பது நம் ஊர் வழக்கு. அந்தக் காசியில் 1813 முதல் நகரத்தார் சத்திரம் நடந்துவருகிறது. விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் அங்கிருந்து நாள்தோறும் செல்கின்றன.

இது தமிழர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அக்கான் மக்களுள் க்வாஹு என்னும் பிரிவினர் கடைத் தொழிலில் வல்லவர்கள். நகரங்களில் சம்பாதித்துத் தங்கள் மலையூரில் வீடு கட்டுகிறார்கள். ஈஸ்டருக்குத் திரளாக ஊர் திரும்புகிறார்கள். ஐப்பசித் தேருக்குக் கல்பாத்திக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நகரத்தாருக்கும் இடி விழுந்தது. 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் தீர்க்க முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்கள் நிலம் 1938-ல் 25 பங்காயிற்று. நிலமிழந்தவன் வயிறு எரியாதா? வட்டித் தொழிலின் அந்தப் பக்கத்தை நாம் மறைக்கலாகாது. 1942-ல் ஜப்பானியர் வந்தனர். பின்னர் நிலமும் சர்க்கார் வசமாயிற்று. ஆனால் பெட்டியடியில் கற்றதை எவரும் பறிமுதல் செய்யவில்லை. 1900-ல் மௌல்மீனில் கடை தொடங்கிய முருகப்பச் செட்டியார் குடும்பம் 1949-ல் சென்னையில் சைக்கிள் தொழிலில் இறங்கியது.

சங்கத்தின் முன்னறை பகலில் பூட்டியே கிடக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் நம் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அங்கே வரவு செலவுக் கணக்கு எழுதக் கற்பிக்கலாம். கற்பிக்க நாம் ஆயத்தம். செயற்குழுவினர் சாவியைத் தந்தால் போதும்.