உப்பு நீரிலும் பூக்கும் மலர்கள்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் வீடுகளில் வழங்கிவரும் பழமொழி. சோற்றுக்கும் குழம்புக்கும் அது பொருந்தும். செடி கொடிகளுக்கோ அதைத் திருப்பித்தான் சொல்லவேண்டும். உப்பு மிகுந்த மண்ணில் போட்ட விதைதான் குப்பைக்குப் போகும். அப்படியிருக்க, மழை அறியாத வறண்ட பூமியில், உப்புக் கலந்த நீரைப் பாய்ச்சி, விலைபோகும் மலர்களை வளர்க்க முடியுமா? முடியும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது எப்படி முடிகிறது, எது வரையில் முடிகிறது என்பதை இன்று பார்ப்போம்.

நாம் வாழ்வது மழை நாடு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்களே இங்கு மிகுதி. மண்ணில் சேரும் உப்பை அந்த மழையே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே உப்பு நீரின் தொல்லை நம்மில் பலருக்குத் தெரியாது. கடலோரத் தென்னந்தோட்டங்களில் இருப்பவர்கள் ஓரளவு அறிவார்கள். அங்கே கரை கட்டி, மதகு வைத்துக் கடல்நீரைத் தடுத்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

கலிபோர்னியாவின் தென்கோடியில் இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அங்கே சுமார் 75 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஒரே நாள் அடைமழையில் அவ்வளவு பெய்துவிடும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஆயினும் அங்கே லட்சக்கணக்கான ஏக்கரில் விவசாயம் நடக்கிறது. கொலராடோ ஆற்று நீரைச் சுமார் 130 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாகக் கொண்டுவந்து பாய்ச்சுகிறார்கள். அந்த நீரைக் குடித்துப் பார்த்தால் உவர்ப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிராம் உப்பு அதில் கரைந்திருக்கிறது.

முக்கால் கிராம்தானே என்று எண்ணவேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் அது 40 லட்சம் லிட்டர் ஆகும். லிட்டருக்கு முக்கால் கிராம் என்றால் மொத்தம் 3,000 கிலோ. அதாவது மூன்று டன் உப்பு அந்த ஓர் ஏக்கரில் வந்து இறங்குகிறது! வெயில் நீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், உப்பை விட்டுவிடும். உப்பு நீரைச் சட்டியில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? வயலிலும் அதுவே நடக்கிறது.

உப்பு செடியை என்ன செய்கிறது? மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். உப்பு மாங்காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. மண்ணில் உப்பு மிகுந்தால் வேருக்கும் இதே கதிதான். பக்கத்தில் நீர் இருந்தும் வேரால் அதை எளிதில் இழுக்க முடிவதில்லை. செடி தாகத்தால் வாடுகிறது. இது முதல் கேடு. இலைக்குள் புகுந்த உப்பு ஓரங்களைக் கருக்கிவிடுவது இரண்டாவது கேடு. மண்ணை இறுக்கி, காற்றும் நீரும் உள்ளே போகாமல் செய்வது மூன்றாவது கேடு.

இதற்கு அந்த விவசாயிகள் கண்ட வழி, தேவைக்குச் சற்று அதிகமாகவே நீர் பாய்ச்சி, உப்பை வேருக்குக் கீழே தள்ளுவது. அந்தக் கழிவு நீர் நிலத்தடியில் பதித்த குழாய்களில் ஓடி, சால்டன் கடல் என்னும் ஏரியைச் சேருகிறது. 1905-ஆம் ஆண்டு கொலராடோ ஆறு கால்வாயை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. 1907-இல்தான் அந்த உடைப்பை அடைக்க முடிந்தது. அப்படி உண்டான ஏரி அது. நீர் உள்ளே வர வழியுண்டு, வெளியே போக வழியில்லை. அதனால் இன்று அது சமுத்திரத்தைவிட உப்பாக இருக்கிறது.

வயலிலிருந்து வடியும் உப்பு நீரை ஏரியில் விடுமுன் இன்னொரு முறை பயன்படுத்தினால் என்ன? இந்தக் கேள்வியைக் கலிபோர்னியாவில் ரிவர்சைடு நகரிலுள்ள உவர்நில ஆய்வுக்கூடத்தினர் எடுத்துக்கொண்டார்கள். உவர் மண்ணைப் பற்றி 1954-இல் அவர்கள் வெளியிட்ட கைந்நூல் உலகெங்கும் பயன்பட்டது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் கேத்தரின் கிரீவ் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவர்களும், மணல் நிரப்பிய தொட்டிகளில் பல மலர்ச்செடிகளை நட்டு, வடிகால் நீரைப் போலவே கலந்த உப்பு நீரைப் பாய்ச்சி வளர்த்துப் பார்த்தார்கள்.

ஏன் மலர்கள்? மலரை யாரும் உண்பதில்லை; அதனால் உணவுக்குரிய கவலை குறைவு. சிறிய நிலத்திலேயே நல்ல விலை தருவதும் மலர்தான். தவிர, நல்ல நீரை உணவுப் பயிருக்கும் குடிப்பதற்கும் மீதப்படுத்தலாம்.

அவர்கள் வளர்த்தவற்றில் நம் வீட்டு வாசலில் நிற்கும் கோழிக்கொண்டையும் ஒன்று. அது கீரைக் குடும்பத்துச் செடி. கடல்நீரிலுள்ள உப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே இருந்த நீரிலும், அது விற்கத் தகுந்த பூவைக் கொடுத்தது. ஸ்டாட்டிஸ் என்னும் மலர் இன்னும் கெட்டிக்காரச் செடி. அதன் இலையில் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. உள்ளே வந்த உப்பை அவை வியர்வைபோல வெளியே தள்ளிவிடும். எல்லாச் செடிக்கும் இந்தத் திறமை இல்லை. ரோஜா உப்பைத் தாங்காத செடி.

உப்பு கூடக் கூடத் தண்டு குட்டையாகிறது என்பதையும் கண்டார்கள். பூங்கொத்துக்கு நீண்ட தண்டு வேண்டும். குட்டையானால் விலை குறையும். ஆனால் தொட்டியில் வைத்து விற்கும் செடிக்குக் குட்டையாக இருப்பதே அழகு. அதற்காகவே சிலர் வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளிப்பதுண்டு. அளவான உப்பு நீர் அந்த வேலையைச் செய்துவிடும்.

உப்பு நீரைக் கையாளச் சில முறைகள் உள்ளன. நாற்றுப் பருவத்தில் நல்ல நீரையே விடவேண்டும். செடி வேர் பிடித்த பிறகே உப்பு நீரைப் பழக்கவேண்டும். இலைமேல் தெளிக்காமல் வேரடியில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மண் காயும்போது உப்பு செறிவடையுமாதலால், ஈரம் வற்ற விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல வடிகால் இருக்கவேண்டும்.

இனி இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மலர் பூத்தாலும் உப்பு மறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் மிஞ்சும் நீர் மேலும் உவர்க்கிறது. கடைசியில் அதை எங்கேனும் தேக்கித்தான் ஆகவேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2003-இல் செய்த உடன்படிக்கைப்படி பள்ளத்தாக்கின் நீரில் ஒரு பகுதி நகரங்களுக்குப் போகிறது. அதற்கு ஈடாக ஏரிக்கு விட்டுவந்த நீரும் 2017-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஏரி சுருங்கி, படுகை வெளியே தெரிகிறது. காற்றடித்தால் அங்கிருந்து தூசி எழும்புகிறது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா நோய் அதிகம். வயல்களில் கூலிக்கு உழைக்கும் குடும்பங்களே அந்தத் தூசியின் நடுவில் வாழ்கின்றன. வடிகால் நீரை மலருக்குத் திருப்பினால் ஏரிக்குப் போகும் நீர் இன்னும் குறையுமல்லவா? ஆகவே மலர் வளர்ப்பதோடு ஏரிக்கும் வழி செய்யவேண்டும். நிலத்தின் உடைமைக்காரருக்கு வரும் இலாபத்தை மட்டும் கணக்கில் எழுதி, உழைப்பவரின் மூச்சை எழுதாமல் விட்டால் அது சரியான கணக்காகாது.

நமக்கு இதில் என்ன பயன்? வீட்டுப் பூச்சட்டியின் விளிம்பிலோ மண்மேலோ வெள்ளையாக ஏதேனும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மிஞ்சிப் போட்ட உரத்தின் உப்பாக அது இருக்கலாம். உரமும் ஒருவகை உப்புதான். மேலே படிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை திறந்திருக்கும்படி செய்து, நல்ல நீரை நிறைய ஊற்றி வடியவிடுங்கள். இலை ஓரம் கருகும் செடிக்கு மேலும் உரம் போடுவது, தாகத்தால் தவிப்பவருக்குக் கருவாடு கொடுப்பதைப் போன்றது.

பிள்ளைகள் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். மூன்று பால்டின்களின் அடியில் துளையிட்டு மண் நிரப்பி, மூன்றிலும் கோழிக்கொண்டை நாற்று வையுங்கள். முதல் செடிக்கு நல்ல நீர். இரண்டாவதற்கு ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து விடுங்கள். மூன்றாவதற்கு இரண்டு தேக்கரண்டி. டின்களை மழை படாத இடத்தில் வைத்து, வாரம் ஒரு முறை உயரத்தை அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். எந்த அளவு உப்பை அந்தச் செடி தாங்குகிறது என்பதைப் புத்தகம் பார்க்காமலேயே தெரிந்துகொள்வீர்கள்.

வறண்ட நாட்டார் உப்பு நீரைக்கூட வீணாக்காமல் மலராக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கோ வானமே நல்ல நீரைக் கொட்டுகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது இதை நினைத்துக்கொள்வோம்.