விதையில்லாமல் பரவிய பெரணி

தண்ணீரில் மிதக்கும் பெரணி வகை ஒன்றுக்குச் சல்வீனியா மொலெஸ்டா என்று பெயர். பூர்வீகம் தென்கிழக்கு பிரேசில். இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது என்றே தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். ஒன்பது ஒன்பதாக ஐந்து தொகுதி, மொத்தம் 45 குரோமோசோம். ஒற்றைப்படைத் தொகுதி என்பதால் அவை சரிசமமாகப் பிரிய முடிவதில்லை. அதனால் இது மலட்டுச் செடி.

ஆனால் துண்டு ஒன்று ஒடிந்தால் போதும், அது தனிச் செடியாகிவிடும். வெதுவெதுப்பும் சத்தும் உள்ள நீரில் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். 1939இல் இலங்கைக்கு வந்தது. வயல், வாய்க்கால், குளம் எல்லாம் மூடிப்போயின. கேரளத்தின் குட்டநாட்டில் படகே நகர முடியாதபடி அடைத்துக்கொண்டது.

இதை நெடுங்காலம் உறவுச்செடி ஒன்றாகவே நினைத்தார்கள். களையை ஒழிக்க அந்தச் செடியில் பிடித்து வந்த பூச்சிகளால் பலனில்லை. 1972இல் மிட்செல் என்ற அறிஞர் இது தனி இனம் என்று எழுதினார். களையை வெல்ல முதலில் அது யாரென்று சரியாக அறிய வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1978இல் பூர்வீகம் தெரிந்தது. அங்கே இதையே தின்னும் சின்னஞ்சிறு கூன்வண்டும் கிடைத்தது. 1980இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டில் ஏரி தெளிந்தது. பிறகு கேரளத்திலும் இலங்கையிலும் விட்டார்கள்.

பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் மட்டும் வண்டு முதலில் நிலைக்கவில்லை. செடியில் தழைச்சத்து போதவில்லை. அதனால் ஒழிக்க வேண்டிய களைக்கே யூரியா போட்டார்கள். வண்டு பெருகியது, ஆறு திறந்தது.