மடிக்கணினியில் கச்சேரிப் பதிவு



மைசூருக்குத் தெற்கே, கபிலை நதிக்கரையில் உள்ளது நஞ்சன்கூடு. அங்கே எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு நஞ்சுண்டேசுவரர் என்பது திருநாமம். பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்திற்கு முன்பாக நஞ்சு எழுந்தது. அதனைத் தாமே உண்டு உலகைக் காத்தார் என்பது புராணம். எது நஞ்சு, எது அமுதம் என்று பிரித்தறியும் பொறுப்பு இன்று இசையைப் பதிவு செய்வோரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனைப் பற்றியே சிறிது பேச விரும்புகிறேன்.

1935-ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி மைசூரில் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்று அது பெயர் பெற்றது. அந்நாளில் வித்துவான் நிலையத்திற்கு வந்து பாடுவார். பாட்டு காற்றோடு போய்விடும். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடமே கொள்ளும். பின்னர் காந்த நாடா வந்தது. அதனைச் சவர அலகால் வெட்டி, ஒட்டிச் செப்பம் செய்தார்கள். இன்றோ ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிவாங்கிகள், ஒலியை எண்களாக மாற்றும் ஒரு சிறு கருவி ஆகியவை இருந்தால் முழுக் கச்சேரியையும் பதிந்துவிடலாம். விநாடிக்கு 48,000 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதினால், இரண்டு தடங்களுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் இடமே வேண்டும்.

நஞ்சன்கூட்டுக் கோயிலைப் போன்றதொரு கல்மண்டபத்தில் கச்சேரி நடப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒலியளவைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் பாடகரின் குரலுக்கேற்ப அளவை உயர்த்திவிட்டால், தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கத்தின் ஓங்கிய சொற்கள் கருவியின் எல்லையை மீறிச் சிதைந்துபோகும். அச்சிதைவை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. ஆகவே உச்ச ஒலியும் எல்லைக்குப் பத்து, பன்னிரண்டு டெசிபல் கீழேயே நிற்குமாறு அமைத்துக்கொள்வது நலம்.

அடுத்தது திருத்தம். மின்விசிறியின் இரைச்சலைக் களைய மென்பொருள்கள் இருக்கின்றன. யாரும் பாடாத ஒரு கணத்தைக் காட்டி, "இதுவே இரைச்சல்" என்று சொன்னால், அதுபோன்ற ஒலியை முழுப் பதிவிலிருந்தும் அது கழித்துவிடும். ஆனால் நம் கச்சேரியில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறதல்லவா? இடைவிடாத அந்த ரீங்காரத்தையும் இயந்திரம் இரைச்சலென்றே எண்ணும். விசிறியோடு சுருதியும் தேய்ந்துபோகும். நஞ்சோடு அமுதத்தையும் கொட்டிவிட்ட கதையாகும் அது. தம்புராவை மீட்டத் தொடங்குமுன் மண்டபத்தின் ஒலியை மட்டும் அரை நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டு, அதனையே மாதிரியாகக் காட்டினால் இத்தீங்கு குறையும். அப்போதும் சிறிதளவே கழிக்க வேண்டும்.

வெட்டுவதற்கும் முறை உண்டு. கண்ணுக்குத் தெரியும் அலைவடிவை நம்பி வெட்டினால் தாளம் பிசகும். கையால் தாளம் போட்டுக் கேட்டு, ஆவர்த்தனம் முடியும் இடத்திலேயே வெட்ட வேண்டும். கிருதிகளுக்கு இடையே நிகழும் சுருதி சேர்த்தலைச் சுருக்கலாம். பாடும்போது எழுந்த இருமலை இயன்றவரை தணிக்கலாம். ஆனால் ஒரு சங்கதியைக் கேட்டு ரசிகர் தம்மை மறந்து "பலே!" என்றால், அதனை நீக்கலாகாது. அதுவும் கச்சேரியின் ஓர் அங்கமே.

எல்லாவற்றிற்கும் மேலாக, மூலப்பதிவைத் தொடாமல் இரண்டு பிரதிகள் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டே திருத்தத் தொடங்க வேண்டும். ஒரு மாலையில் பாடிய ஆலாபனை மறுநாள் அவ்வாறே வருவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாணவன் அந்த ராகத்தை நம் பதிவிலிருந்தே கற்க நேரலாம். தம்புராவை இழந்த பதிவு அவனுக்கு எதைக் கற்பிக்கும்? இன்று நமக்கு இரைச்சலாகப் படுவது அவனுக்கு இசையாகத் தோன்றவும் கூடும். அவன் கேட்டு முடிவு செய்வதற்கு மூலம் இருக்க வேண்டும்.